நீல மெத்தையில் படுத்த வண்டி

கண்ணாடிகள் இரண்டையும் உள்ளே மடக்கியாயிற்று. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாயிற்று. வண்டி முதல் கியரில் நிற்கிறது. எக்ஸ்ரே அக்கா சீட்டின் ஓரத்தைத் தொடையில் தாங்கி, தூங்கிவிட்ட பிள்ளையைப் படுக்கையில் விடுகிற பதத்தில், இருநூற்றுப் பதினெட்டுக் கிலோ மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக் கீழே விரித்திருக்கும் நீல மெத்தையில் படுக்க வைக்கிறார். பிறகு இரண்டடி தள்ளி நின்று, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல, "அடடா, விழுந்துருச்சா?" என்கிறார். அப்புறம் அதைத் தூக்குகிறார்.

மெத்தை, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டது. எக்ஸ்ரே மேசையில் வருஷக்கணக்கில் கிடந்து உடைந்த கைகால்களைத் தாங்கிய ரெக்சின் மெத்தை. இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு இந்த வண்டியைத் தாங்குகிறது. பதினோரு வருஷமாக இதே கூத்து. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறியடித்து ஓடிவந்து கை கொடுக்கப் பார்த்தார்கள். "தொடாதீங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வந்த வழியே திரும்பிப் போனார்கள். இப்போது யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கேட்டால் ஐந்தடி என்பார். வண்டியோ மலை, மண், ஆற்றுப்படுகை எதையும் விடாமல் ஏறி இறங்கவென்றே செய்த நெட்டை வண்டி. உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையைத் தொடாது. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலின் நுனியை மட்டும் ஊன்றுவார். அதனால் ஊரில் எந்தத் தெருவில் நடைபாதை விளிம்பு உயர்ந்திருக்கிறது, எந்தச் சிக்னலில் சாலை எந்தப் பக்கம் சரிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "எங்க போறதுங்கிறத அப்புறம் பாப்போம். எங்க நிறுத்துறது, அத முதல்ல சொல்லுங்க" என்பார். எதிர்ச்சாரியில் இருக்கும் மருந்துக் கடைக்கு இரண்டு தெரு சுற்றிப் போய், உயரமான விளிம்பை ஒட்டி நிறுத்தி, ராணி மாதிரி இறங்குவார்.

ஆஸ்பத்திரியில் அவர் அறை தரைத்தளத்தின் கோடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கதவு, உள்ளே ஈயத் தகடு வைத்தது; திறக்கவே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பேர் வருவார்கள். அறுபது பேருக்கும் அதே நாலு வார்த்தைதான்: "மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம்… விடலாம்." முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது வீட்டுக்கும் வந்துவிட்டது. வண்டியைத் தூக்கும்போதும் அதையேதான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

வருஷத்தில் மூன்று வாரம் விடுமுறை. அந்த மூன்று வாரமும் அவரும் வண்டியும் மட்டும். போகாத மலை இல்லை, தாண்டாத கணவாய் இல்லை. "வருஷம் பூரா அடுத்தவங்க மூச்சத்தான் பிடிச்சு வெக்கிறேன். மூணு வாரம் நான் விட்டுக்கிறேனே" என்பது அவர் கட்சி.

இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. மற்றவர்கள் பனிமலைக்கு முன்னால், அருவிக்கு முன்னால் என்று நெஞ்சை நிமிர்த்திப் படம் போடுவார்கள். அக்கா போடுவது மெத்தையில் சாய்ந்து கிடக்கிற வண்டியின் படம்தான். கீழே ஒரே வரி: "இன்று வலது பக்கம். முதல் தடவையிலேயே." புதிதாகச் சேர்ந்தவர்கள் வெலவெலத்துப் போய், "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்பார்கள். வண்டி வாங்கப் போகிற யாரோ ஒருவர், வண்டி எப்படி என்று விசாரித்தபோது அக்கா எழுதிய பதிலைக் குழுவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "செயின் ரெண்டு தடவ மாத்தினேன். சீட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல கல்லு. கிளட்ச் கேபிள் ஒரு தடவ அறுந்துச்சு. நான் ஒரு தடவ அழுதேன். மத்தபடி நல்ல வண்டி."

அழுதது, வண்டி வாங்கிய முதல் வருஷம். ஆள் அரவமில்லாத மலைப்பாதை, சரளைக்கல் வளைவு. வேகமென்று ஒன்றுமில்லை, நடக்கிற வேகம்தான். காலை ஊன்றப்போன இடத்தில் தரை ஒரு சாண் கீழே இருந்தது. வண்டி சாய்ந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு கீறல் இல்லை, வண்டிக்கும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. இழுத்துப் பார்த்தார், முட்டித் தள்ளிப் பார்த்தார், வாயில் வந்தபடி திட்டிப் பார்த்தார். கடைசியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு லாரி வந்தது. டிரைவர் இறங்கி ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "தூக்க முடியாத வண்டிய எதுக்குங்க தனியாக் கொண்டு வர்றீங்க?" நக்கல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் சுட்டது.

வீடு திரும்பியதும் தூக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்சீட்டை ஒட்டிய கம்பியில். இடுப்பை சீட்டில் பதித்து, குட்டிக் குட்டி எட்டாகப் பின்னால் வைத்து எழ வேண்டும். "முதுகால தூக்கினா எங்கிட்டத்தான் எக்ஸ்ரேவுக்கு வரணும். காலால தூக்கணும்." கூடவே தனக்கு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். மாதம் ஒருமுறை பரீட்சை. மூன்று தடவை முயலலாம். மூன்றிலும் வண்டி எழவில்லையென்றால், அன்றைக்கே அதைக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் பரீட்சைக்குப் பார்வையாளர் ஒரே ஒருவர், அக்காவின் கணவர். குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அக்கா மலை ஏறித் தள்ளாடும்போது இவர் வீட்டில் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். ஆனால் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பதில் வரைந்து கொடுப்பார். போகிற வழி முழுவதையும் நீளநீளத் தாள்களில் பென்சிலால் வரைந்து, வண்டியின் டேங்க் மேல் வைக்கிற பைக்கு அளவாக மடித்துத் தருவார். போனில் வழி பார்க்கலாமே என்றால், "வெயில்ல போன்ல என்ன தெரியும்? அவர் கோடு நல்லாத் தெரியும்" என்பார் அக்கா. கிணறு, பெட்ரோல் பங்க், பள்ளம் எல்லாம் அதில் இருக்கும். பள்ளத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் "போன வருஷம் நீ விழப் பார்த்த இடம்" என்றிருக்கும்.

அந்தச் சாலைகளில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பின்சீட்டில் எப்போதும் அக்காவின் பைதான் போகும். அவர் கேட்டதுமில்லை, பயந்த சுபாவம் என்று அக்காவும் கூப்பிட்டதில்லை. சென்ற வருஷம் ஒரு கணவாயின் உச்சியில் ஒற்றை மரத்தைச் சாலைக்கு வலப்பக்கம் வரைந்திருந்தார். "அது இடப்பக்கம்ங்க" என்றார் அக்கா. "திரும்பி வரும்போது பாத்ததச் சொல்லியிருப்பே. நான் பாத்தாத்தானே எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் ரப்பரை எடுத்து அழித்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் தொல்லை இடது தோளில் ஆரம்பித்தது. தலை சீவக் கை எழும்பவில்லை. அக்கா தன் தோளைத் தானே மிஷின் முன்னால் பொருத்திக்கொண்டு, பொத்தானை மட்டும் பக்கத்து அறையில் ஸ்கேன் எடுப்பவரை அமுக்கச் சொன்னார். "மூச்சப் பிடிக்கணுமாக்கா?" என்று அவர் கேட்டதற்கு, "உனக்குத் தொழிலே தெரியாதா?" என்று ஒரு வசவு. படத்தில் மூட்டுக்கு மேல் அரிசி அளவில் சுண்ணாம்புக் கட்டி. எலும்பு டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கனமா எதையும் தூக்கக் கூடாதுக்கா."

"தலைக்கு மேல எதுவும் தூக்கலையே டாக்டர். வண்டி முட்டிக்குக் கீழதான கிடக்கு?"

டாக்டருக்கும் வண்டிப் பித்து உண்டு. அவர் வண்டியில் முன்னால் ஆறு விளக்கு. ஆறும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளிச்சம் போட்டதில்லை. அக்காவின் வண்டி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அந்த மாடல் இப்போது வருவதில்லை. "கொடுக்கிறதா இருந்தா எங்கிட்டத்தான்க்கா" என்று சொல்லி வைத்திருந்தார். போன மாதம் வண்டி மூன்றாம் தடவையில்தான் எழுந்தது, அதுவும் அக்கா பல்லைக் கடித்ததில். இந்த மாதம் சனிக்கிழமை அக்காவே அவருக்குப் போன் போட்டார்: "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. மூணு தடவையும் எழலேன்னா ஓட்டிட்டுப் போயிடுங்க."

டாக்டர் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். கையில் ஹெல்மெட்.

"நம்பிக்கையோட வந்திருக்கீங்க போல" என்றார் அக்கா. டாக்டர் ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது என்ன, மறைக்கிற பொருளா?

இந்த மாதம் இடப்பக்க முறை. இடப்பக்கம் படுத்தால், பின்கம்பியை இடது கைதான் பிடித்தாக வேண்டும். வலப்பக்கம் மாற்றிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். "விழும்போது வண்டி நம்மகிட்ட கேட்டுட்டா விழுது?" என்றார் அக்கா.

முதல் தடவை வண்டி ஒரு முழம் எழும்பி மெத்தையில் உட்கார்ந்தது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. அக்கா எழுந்து தண்ணீர் குடித்தார், தோளை உருட்டினார், சீட்டைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். நேரம் கடத்துகிறார் என்று குழந்தைக்கும் தெரியும். கணவர் வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் அவர் கை தன்னையறியாமல் வண்டிப் பக்கம் நீளும். திட்டு வாங்கி வாங்கி இப்படிக் கட்டிக்கொள்ளப் பழகியவர்.

மூன்றாம் தடவை. "மூச்ச இழுங்க. பிடிங்க. அசையா…" தோளில் என்னவோ சுரீர் என்றது. கை தானாகக் கம்பியை விட்டது. வண்டி எழவேயில்லை.

"இன்னொரு தடவ பாருங்கக்கா, நான் அவசரப்படுத்தல" என்றார் டாக்டர். நல்ல மனுஷன்தான்.

"மூணுன்னா மூணுதான்." அக்கா மெத்தையின் ஓரத்தில் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரொம்பக் கஷ்டமா இருக்குங்க" என்றார். கணவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். நேராக வந்து வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, பதினோரு வருஷமாகப் பார்த்துப் பழகியபடியே முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்தார். இவ்வளவு நேரம் அக்காவின் இடது கை இருந்த இடம்.

"தொடாதீங்க!"

அவர் கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு அந்த லாரிக்காரர் என்ன கேட்டார்? எதுக்குத் தனியாக் கொண்டு வர்றீங்கன்னுதானே கேட்டார்?"

டாக்டர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கடைசியில் அக்கா சாவியைத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"முதுகால தூக்காதீங்க. காலால தூக்கணும்" என்றார்.

"தெரியும்."

"சின்னச் சின்ன எட்டு."

"தெரியும்னு சொல்றேன்ல?"

"மூச்ச இழுங்க. பிடிங்க."

வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக எழுந்து நின்றது. இரண்டு பேரும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள் போல ஒரே சீராகப் பின்வாங்கியதைப் பார்த்து டாக்டருக்கே வாய் திறந்துகொண்டது. அக்கா காலால் ஸ்டாண்டைத் தட்டி, வண்டியை அதில் சாய்த்தார். மூச்சு வாங்க டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர், பேசிவைத்தபடி, சாவிக்காகக் கையை நீட்டினார்.

"தனியாத் தூக்க முடியல டாக்டர். ஒத்துக்கிறேன்" என்றார் அக்கா. "அதனால இனிமே தனியாப் போகல."

சொல்லிவிட்டு, நீட்டிய கையைத் தாண்டி மறு கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். கணவரின் தலையில் அதைக் கவிழ்த்தார். டாக்டருக்குப் பெரிய தலை. அது காது வரை இறங்கி ஆடியது. அக்கா தாடைக்கடியில் வாரை இழுத்து, ஒருமுறை இறுக்கி, போதாமல் இன்னொருமுறை இறுக்கினார்.

"அந்த மரம் எந்தப் பக்கம் இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, எக்ஸ்ரே மிஷினுக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போல ஆடாமல் அசையாமல் நின்றார். மூச்சு வருகிற மாதிரியே தெரியவில்லை. அக்கா ஹெல்மெட்டின் மேல் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ம்… விடலாம்."