நடு ஆற்றில் இவர், கரையில் சிவப்பு வண்டி

கார்த்திகையில் மூன்று நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் ஈரோட்டிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டோம். எனக்குத் தாமிரபரணியில் ஆசை தீரக் குளிக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அல்வா. தீயணைப்பு நிலையத்தைப் பார்த்துவிட்டு வருவாய் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

காலை ஏழு மணிக்கு ரயிலை விட்டு இறங்கினோம். ஆட்டோ ஓட்டிய மைதீன் பாய் மேலப்பாளையத்துக்காரர். கூட்டமில்லாத படித்துறைக்கு நான்கு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய் என்று பேச்சு. நான் படியோரம் குளிக்க, இவர் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் ஆற்று நடுவில் ஒரு பாறையில் அமர்ந்துகொண்டார். நீச்சல் தெரியாத மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "படம் எடு" என்றார்.

தலைக்கு மேல் வெயில்தான். ஆனால் மேற்கே மலையில் நல்ல மழை பெய்திருக்கிறது. தண்ணீர் கலங்கலாக வந்தது. நான் நின்ற படி மூழ்கியது, அடுத்த படியும் மூழ்கியது. நிமிர்ந்து பார்த்தால் இவர் நடந்துபோன வழியே இல்லை. பாறையும் பாதிதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, எறங்கிராதிய! அங்கனயே இருங்க!" என்று கத்திக்கொண்டே, எங்களுக்காகக் காத்திருந்த பாய் தீயணைப்பு எண் 101-ஐ அழைத்தார். பிள்ளையார் கோயில் படித்துறை என்று சொன்னார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"எந்தப் பிள்ளையாரு? ஆத்தோரம் பூரா அவருல்லா இருக்காரு. எதிர்க்கரையில என்ன தெரியுது?"

"செங்கச்சூளை. பக்கத்துல ஒத்தப் பனை."

"வண்டி கெளம்பிட்டு. போனை வைக்காதிய."

சிறிது நேரத்தில் மணியடித்தபடி சிவப்பு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர்கூடக் கத்தவில்லை. இருவர் கயிற்றோடு மேலாற்றுப் பக்கம் போய் மரத்தில் கட்டினார்கள். ஒருவர் மிதவை உடையோடு, அந்தக் கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கிருந்து இறங்கினார். வெள்ளமே அவரைக் குறுக்காகப் பாறைக்குக் கொண்டு சேர்த்தது. பிடி தவறினால் மறிக்க, கீழாற்றில் இன்னொரு கயிறும் இருவரும். யாருக்கு எந்த வேலை என்று எவரும் கேட்கவில்லை.

நிலைய அலுவலர் மட்டும் கரையில் நின்று சத்தமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். "சாருக்கு எந்த ஊரு? அல்வா வாங்கியாச்சா? எந்தக் கடையில?" எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, இவர் தண்ணீரைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு மிதவை உடையை மாட்டி, கயிற்றோடு இழுத்துக் கரையேற்றியதும் இவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அந்த அலுவலர் சொன்னதையே சொல்கிறேன். வெயிலை நம்பாதீர்கள், தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள். மாட்டிக்கொண்டால் நின்ற இடத்தை விட்டு அசையாதீர்கள். 101-ல் பேசும்போது எதிரில் தெரிவதையும் சொல்லுங்கள்.

மறுநாள் நன்றி சொல்ல நிலையத்துக்குப் போனோம். அலுவலர் சுற்றிக் காட்டினார். முறை வைத்து இராப்பகலாக ஆள் இருக்கிறார்கள். தொலைபேசி அருகே ஒருவர் எப்போதும் உண்டு. பெரிய தீ என்றால் பக்கத்து நிலைய வண்டிகளும் வரும். தீ மட்டுமல்ல, வீட்டுக்குள் பாம்பு, சாலையில் சாய்ந்த மரம், கிணறு, ஆறு எல்லாம் இவர்கள் தலையில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயல்விளக்கமும் இவர்களே.

பேச்சின் நடுவே மணி அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். அலுவலரும் ஏற, வண்டி போய்விட்டது.

எங்களுக்கு மதிய ரயில். இவர் நகரவில்லை. "அவங்க வரட்டும்" என்றார். ரயிலை விட்டுவிட்டோம்.

வண்டி திரும்பியதும் யாரும் சோற்றுக்குப் போகவில்லை. கயிற்றை அலசி உலர்த்தி, தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்த்து, அடுத்த அழைப்புக்கு வண்டி தயாரான பிறகுதான் கை கழுவினார்கள். அதுதான் அங்கே வழக்கமாம்.

"என்ன சார் ஆச்சு?" என்று இவர் பதறினார்.

"கெணத்துல ஆடு விழுந்துட்டு. உசுரோட எடுத்தாச்சு."

"ஒரு ஆட்டுக்கா சார் இந்த ஓட்டம்?"

அலுவலர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அந்த அம்மாவுக்கு அது ஒண்ணுதான் இருக்கு, சார்."

எனக்கும் ஒன்றுதான் என்று வாய் வரை வந்தது. சொல்லாமல் இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.