இன்னொருக்காக் கேளுங்கோ

தொண்ணூறுகளில் லண்டனில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடினேன். டிவியில் மந்திரிமாரைக் கேள்வி கேட்டே வியர்க்கவைக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அடிக்கடி என் காரில் வருவார். நெடுத்த மனிதர். ஏறியதும் டையைத் தளர்த்தி, அதன் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

ஒருநாள் டிவியில் ஒரு மந்திரியைப் பிடித்து, "நீங்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் தமிழர்களின் உயிருக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். மந்திரி எதையோ சொல்லி மழுப்பினார். இவர் விடாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில், எங்கள் வீட்டில் மனைவி டிவியைக் கும்பிட்டாள். "விடாதேங்கோ ஐயா, இன்னொருக்காக் கேளுங்கோ!"

அடுத்த நாள் அவர் காரில் ஏறினார்.

"கமராவை நிப்பாட்டின பிறகாவது மந்திரி பதில் சொன்னவரோ, சேர்?"

"நல்ல கேள்வி என்று கைகொடுத்துவிட்டுப் போனார்."

டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உங்கள் ஆட்களில் யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா?" என்றார்.

"ஓம். என்ரை தம்பியை. வாற செவ்வாய்க்கிழமை."

மந்திரியை அப்படித் துரத்திய மனிதர் என்னிடம் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. வீடு வரும்வரைக்கும் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.