கல்வெட்டுக்கு அடியில்

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்த சமயம் அது. பூஜை அலமாரியைக் காலி செய்து கொடுக்கச் சொன்னார்கள். சாமி படங்களைக் கட்டில் மேல் அடுக்கினேன். முருகனுடைய பித்தளை வேல் ஒன்று உண்டு, ஒரு சாண் நீளம். அதை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றி, விபூதிப் பொட்டலத்தோடு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு பீரோ மேல் வைத்தேன். அதன் மேல் ஒரு சொட்டு சுண்ணாம்பு படக்கூடாது என்பதுதான் என் கவலை. வெள்ளையடித்து முடிந்தும், பூசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டிருந்தேன். டின்னே காணாமல் போகும் என்று எங்கே நினைத்தேன்.

என் மகளுக்கு நாலு வயது வரை பேச்சு வரவில்லை. எங்கெங்கோ காட்டினோம். கடைசியில் முருகனிடம் நேர்ந்துகொண்டு அந்தப் பித்தளை வேலை வாங்கி வந்தேன். அவள் பேசினாள். இன்று போனை எடுத்தால் வைக்க மாட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடத்தின் கழுத்தில் அந்த வேலைக் கட்டி, டவுன்ஷிப் முருகன் கோயிலுக்கு நடந்து போவேன். பதினாறு வருஷம், ஒரு வருஷமும் தப்பவில்லை. இந்த முறை மகள் எட்டு மாத வயிற்றோடு வடலூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். அதனால் மனசு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் பீரோ மேல் கையை விட்டால் வெறும் தூசி.

வீட்டுக்காரர் மைன்ஸில் கன்வேயர் பக்கம் வேலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பீரோ மேல ஒரு டின்னு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"அதுவா?" என்று சிரித்தார். "அது இப்ப புதையலு."

இந்தப் புதையல் கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக அவருக்கும் அவரோடு வேலை செய்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் இதே பைத்தியம். ஒருத்தர் ஒரு டப்பாவை எங்காவது பொது இடத்தில் ஒளித்துவைப்பார். வைத்த இடத்தைப் போனில் உள்ள மேப்பில் புள்ளியாகக் குத்தி, கூட ஒரு வரி குறிப்பும் எழுதி குரூப்பில் போடுவார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜிபிஎஸ் காட்டுகிற வழியில் போய்த் தேட வேண்டும். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கிற நோட்டில் எழுதிவிட்டு, இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். கறிவேப்பிலை வாங்கிவர நாலு தடவை கெஞ்ச வைக்கிற மனுஷன், இதற்காக முள் புதரில் இறங்குவார். போனில் மூன்று மேப் வைத்திருக்கிறார். ஒன்று ரோட்டுக்கு, ஒன்று வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு, ஒன்று நடந்த தடத்தைக் கோடு போட. ஒன்று போதாதா என்று கேட்டால், "உனக்கு மூணு அடுப்பு எதுக்கு?" என்பார்.

"தொறந்து பாத்தீங்களா, உள்ள இன்னா இருந்துச்சுன்னு?"

"பாத்தேனே. துணி சுத்தி இன்னாமோ இருந்துச்சு. பழைய கரண்டின்னு நெனச்சேன். டின்னு கனமா இருந்தா நல்லதுன்னு வுட்டுட்டேன்."

கரண்டி! நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது.

அவரே ஒளித்திருந்தால் போய் எடுத்துவரலாம். தானும் தேட வேண்டும் என்கிற ஆசையில், டின்னைத் தன் சிநேகிதரிடம் கொடுத்து ஒளிக்கச் சொல்லியிருந்தார். சிநேகிதர் திருநெல்வேலிக்காரர், மாற்றலாகி வந்து இரண்டு வருஷம், ஆபீஸ் உத்தியோகம். போன் போட்டால் எடுக்கவில்லை. பூசத்துக்கு வடலூரில் அன்னதானத்துக்குப் பரிமாறப் போயிருந்தார். அந்தக் கூட்டத்தில் யாருக்குப் போன் கேட்கும்?

குரூப்பில் அவர் போட்டிருந்த புள்ளி இருந்தது. 'கல்வெட்டுக்கு அடியில்' என்று குறிப்பும் இருந்தது. இரண்டு ஞாயிறாக எல்லாரும் தேடியும் கிடைக்கவில்லையாம். பாயிண்ட் தப்பு என்று விட்டுவிட்டார்களாம். கிடைக்கவில்லை என்றதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை.

ஸ்கூட்டரில் போனோம். பக்கத்து பிளாக்கில் பூங்காவை ஒட்டின ரோடு. எங்கள் மைன்ஸ் ஆட்களுக்கு, ரோட்டுக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் போகிற சின்னப் பாலம்தான் கல்வெட்டு. இன்ஜினியர்கள் இங்கிலீஷில் சொன்ன கல்வர்ட்டை வாயில் போட்டு மென்று அப்படி ஆக்கிவிட்டார்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன். புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு கல்வெட்டு இருந்தது. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சகதி, பிளாஸ்டிக் பை, ஒரு செருப்பு. டின் இல்லை.

வெளியே வந்து போனைக் காற்றில் இப்படியும் அப்படியும் சுழற்றினார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"எட்டு போடறேன். அப்பதான் தெசை சரியாகும்."

"லைசென்ஸ் வாங்கறப்ப போட்டது பத்தலையா?"

அவர் சிரிக்கவில்லை. அம்புக்குறி மூன்று மீட்டர் என்றது, இரண்டடி நகர்ந்தால் பதினாலு என்றது. புள்ளியைச் சுற்றி நீலமாக ஒரு வட்டம், அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாமாம். மரம் அடர்த்தியாக இருந்தால் சிக்னல் தடுமாறுமாம். "அப்ப பக்கத்து ரோட்டுல இருக்குமோ?" என்றார். எங்கள் டவுன்ஷிப்பில் இதுதான் வம்பு. எல்லா ரோடும் ஒரே மாதிரி, எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, கல்வெட்டும் ஒரே அச்சு. விளக்கு போடுகிற நேரம் வரை நாலு கல்வெட்டில் குனிந்து நிமிர்ந்தோம். வாக்கிங் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா, "கம்மல் வுழுந்துடுச்சாங்க?" என்று கேட்டார். முருகனே விழுந்துவிட்டார் என்று எப்படிச் சொல்லுவேன்?

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார். "கடையில எத்தினியோ வேலு விக்குது. ஒண்ணு வாங்கியாரட்டா?"

"உங்க பொண்ணு பேசலன்னு வேற பொண்ணு வாங்கியாந்தோமா?"

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

பூசத்தன்று விடிந்ததும் தலைக்குக் குளித்து, குடத்துக்கு மஞ்சள் பூசி, பாலை ஊற்றி மூடிவைத்துவிட்டு மறுபடி அங்கேயே போனோம். எட்டு மணிக்குப் பால்குடம் புறப்பாடு. "நீ வெறும் கொடத்தோட போ, நான் தேடறேன்" என்றார். பதினாறு வருஷம் கட்டினதை இன்றைக்கு அவிழ்த்துவிட்டு எப்படிப் போவேன்? அவர் மறுபடி கல்வெட்டுக்குள் படுத்தார். இடுப்பு ஒடிந்துபோய் நான் பூங்கா கேட் பக்கம் போய், அங்கே நின்ற ஒரு கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் மேளம் கேட்டது. அரோகரா சத்தம் கிட்டத்தில் வந்து, அப்படியே தூரமாகப் போய்விட்டது. பச்சைச் சேலையில் சகதியோடு உட்கார்ந்து அழுதேன். முருகா, நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கோபமாகத்தான் கேட்டேன்.

அப்போது போன் அடித்தது. சிநேகிதர்! வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இருவது மிஸ்டு கால் கெடக்கு. என்ன விசயம்?"

"அந்த டின்ன எங்கப்பா வெச்ச?"

"அதான் எழுதியிருக்கம்லா. கல்வெட்டுக்கு அடியில."

"கல்வெட்டுக்கு அடியிலதாம்ப்பா நேத்திலேர்ந்து படுத்துக்கினு கீறேன்!"

"அதுக்கடியில எப்படிப் படுப்பிய? நட்டுக்க நிக்க கல்லுல்லா அது. எழுத்து வெட்டுன கல்லு. பூங்கா தொறந்தப்ப நட்டது."

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். நான் சாய்ந்திருந்த கல்லில் பெயிண்ட் உதிர்ந்த எழுத்து. இப்பூங்கா திறந்துவைக்கப்பட்டது என்பது மட்டும் புரிந்தது. பின்பக்கம் அடியில் ஒரு பொந்து. கையை விட்டேன். டின்.

"மைனி பக்கத்துல இருக்காவளா? கல்வெட்டுன்னா என்னன்னு ஒங்க ஊர்ல தெரியாதா மைனி?" என்று போன் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு ஞாயிறும் இத்தனை ஆம்பிளைகளும் ஆகாயத்திலிருந்து வழி கேட்டுக்கொண்டு, பதினைந்து தப்படி தள்ளி நின்ற கல்லை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

டின்னுக்குள் ஈரம் ஏறியிருந்தது. விபூதி களியாகிவிட்டது. துணியைப் பிரித்தால் வேலின் அடியில் பச்சை படர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து குடத்தில் கட்டிக்கொண்டு தனியாக ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போனபோது அபிஷேகம் முடிந்து திரை போட்டுவிட்டார்கள். "அலங்காரம் ஆறதும்மா. வெளியில இருக்கற வேலுக்கு ஊத்திடுங்கோ" என்றார் குருக்கள். ஊற்றினேன். பதினேழாவது வருஷத்துப் பால் மூலவர் மேல் படவில்லை.

திரும்பி வரும்போது, பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்திருந்த வீட்டுக்காரர், "டின்ன அங்கியே வெச்சிடட்டா? இன்னும் யாரும் கண்டுபுடிக்கல" என்றார். பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டுமாமே, உங்கள் போனை வையுங்கள் என்றேன்.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் அந்த வேலைப் புளி போட்டுத் தேய்க்கிறேன், அடியில் பச்சை போகவில்லை. அதைப் பார்த்ததும் சுருக்கென்று வருகிறது. கோபத்தோடு தீபம் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். காட்டிவிட்டு, அப்புறம்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் பின்னால் நின்று கும்பிடுகிறார். சட்டைப் பையில் போன், "இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்" என்கிறது.