இரண்டு பூஜ்யங்கள்

கணவர் பூமிக்கடியில் எங்கே இருக்கிறார் என்று தினமும் கணக்குப் போட்டுப் பார்த்த பெண் கோலார் தங்கவயலில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சுரங்கம் மூடப்படுவதற்குச் சில வருஷங்கள் முன்பு, எங்களுக்குக் கல்யாணமான புதிது. அவர் சுரங்கத்தில் வெடி வைப்பவர். நான் மேலே, நில அதிர்வைப் பதிவு செய்யும் சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன்.

எங்கள் ஊரில் அடிக்கடி பர்ஸ்ட் வரும். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்க, வீட்டு அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்த இடம் என்று தெரிந்தால்தான் மீட்க வருகிறவர்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சரியான லெவலுக்கு, அதாவது பூமிக்கடியில் குடைந்த சரியான தளத்துக்கு, இறங்க முடியும். அதற்காகப் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்கள் இரண்டிலும் அதிர்வைக் கேட்கும் கருவிகளைப் பதித்திருந்தார்கள். ஒரே அதிர்வு ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து வரைபடத்தில் புள்ளி வைப்பது என் வேலை.

புள்ளி சரிதானா என்று பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. மத்தியானம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் எங்கள் சுரங்கத்தில் வெடி வைப்பது என் கணவரின் குழு மட்டும்தான். எங்கே வைத்தார் என்று வீட்டில் கேட்டுக்கொள்வேன். புள்ளியோ தினமும் இரண்டு லெவல்களுக்கு நடுவே, எலி கூட நுழைய முடியாத பாறைக்குள் போய் உட்கார்ந்தது.

"இன்னாமே, உன் மேப்புல என்னைப் பாறைக்குள்ள வச்சிப் பூசிட்டியா?" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கே அவர் உள்ளே சிக்கிக்கொண்டால் என் புள்ளியை நம்பித்தானே ஆட்கள் இறங்குவார்கள்? ஆபீசரிடம் சொன்னேன். "கருவியெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. உங்க கூட்டல் கழித்தலைப் பாருங்க" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கில் எனக்குத் தப்பு வராது.

அடுத்த சுரங்கத்தில் கருவிகளின் ஆழத்தைக் குறித்த பழைய அளவுத்தாள்களைப் பார்க்க ஒரு நாள் காலையில் சைக்கிளில் கிளம்பினேன். வழியெல்லாம் மேடு. பாதித் தூரம் தள்ளிக்கொண்டே போனேன். அங்கே கையில் கொடுத்த தாளில், ஷாஃப்ட்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியின், வாய் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. எங்கள் தாளிலும் எங்கள் ஷாஃப்ட்டின் வாய்தான் பூஜ்யம். அங்கேயும் பூஜ்யம், இங்கேயும் பூஜ்யம் என்றால் எனக்கு எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது?

அவரவர் ஷாஃப்ட்டிலிருந்துதான் உலகமே ஆரம்பிக்கிறது என்று அவரவர் அளந்து வைத்திருக்கிறார்கள். யாரும் பொய் எழுதவில்லை. மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இருந்த இரண்டு பூஜ்யங்களையும் அப்படியே சேர்த்துக் கணக்குப் போட்டதுதான் பிசகு. எல்லாக் கருவிகளின் ஆழத்தையும் எங்கள் ஷாஃப்ட்டின் வாயிலிருந்து மாற்றி எழுத ஒரு வாரம் ஆனது. அடுத்த புள்ளி என் கணவர் சொன்ன இடத்திலேயே விழுந்தது. ஆபீசர் டீ வாங்கிக் கொடுத்தார்.

என் கணவர் வேலை பார்த்த ஆழத்தில்தான் பர்ஸ்ட் அதிகம். மேல் லெவலுக்கு மாற்றல் கேட்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள், "எங்க ஆளுங்க எல்லாரையும் மேல மாத்திட்டாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. மறுநாள் புள்ளி பழைய ஆழத்திலேயே விழுந்தது. மூன்று தடவை திரும்பப் போட்டேன். ஆபீசரும் பார்த்துவிட்டு, "இதுல தப்பே இல்லம்மா" என்றார். அப்படியென்றால் தப்பு என் வீட்டில் இருந்தது.

சாயங்காலம் காபியை நீட்டிக்கொண்டே, "மேல் லெவல் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா காத்து வருது."

"புள்ளி கீழதான் விழுந்திருக்கு."

டம்ளரைக் கீழே வைத்தார். "அடுத்த மாசம்தான் மாத்துவாங்களாம். சொன்னா நீ சோறு துன்ன மாட்டே. அதான்."

நன்றாகத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, எங்க விழுந்துச்சு, காட்டு" என்றார். செய்தித்தாளின் ஓரத்தில் அந்த லெவலை வரைந்து புள்ளி வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்கதான் இருந்தேன்" என்றார். பிறகு மெதுவாக, "அப்போ என்னைத் தேட வேணாம். நேரா வந்துடுவாங்க" என்றார். என் கோபமெல்லாம் போய்விட்டது. கண் கலங்கியதை மறைக்க டம்ளரைக் கழுவப் போனேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் புள்ளி மேல் லெவலில் விழுந்தது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, சேதி சொல்ல வாசலிலேயே நின்றிருந்தார். வாயைத் திறக்கும் முன் ஜிலேபிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன்.