சமையல்காரருக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

சத்தமே போடாத ஓர் அலாரம் எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். சரக்குக் கப்பல்களில் ஒரு பொத்தானை ஒளித்து வைத்திருப்பார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் ஏறிவிட்டால் கேப்டன் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் கப்பலில் மணி அடிக்காது, விளக்கு எரியாது. வந்தவனுக்குத் தெரிந்துவிட்டால் வம்பு இல்லையா? செய்தி மட்டும் செயற்கைக்கோள் வழியாக என் மேசைக்கு வரும். நான் கப்பலைக் கூப்பிட்டு விஷயம் நிஜமா என்று கண்டுபிடிக்க வேண்டும். நிஜமென்றால், அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டு அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்யும் என் மேசை இருப்பது மைசூரில். இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்தால்தான் கடல் வரும்.

எங்கள் முதலாளி கேப்டன் பொன்னப்பா குடகுக்காரர். பாதி ஆயுளைக் கடலில் கழித்துவிட்டு, இனிமேல் தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து மைசூருக்கு வந்தவர். ஊரின் ஹெப்பாள் பகுதியில் பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் வாடகை கட்டுப்படியாகாமல், தசரா பொருட்காட்சி மைதானத்தை ஒட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்தார். பகல் ஷிப்டில் நானும் ஷ்ருதியும்.

போன வருஷம் பொய் அலாரத்தை நிஜமென்று நம்பி ஓர் அரசாங்கத்தையே பதறவைத்துவிட்டோம். கப்பல்களின் சொந்தக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தடவை இப்படி ஆனால் மேசை மும்பைக்குப் போகும், கூடவே நானும் போக வேண்டும். என் மனைவி கலாவதி நஞ்சன்கூட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. நயமாக விஷயத்தைச் சொன்னேன். விடைத்தாள் திருத்துவதை நிறுத்தாமலேயே, "நீங்க போய்ட்டு வாங்க, நா இங்கயே இருக்கறேன்" என்றாள். ஊருக்குப் புரியாத வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் என் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மாமனார் பார்வையிட்டார்

என் மாமனாருக்கு ஹனூரில் மஞ்சள் காடு. கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை கப்பல் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவரும் வெள்ளைச் சட்டை, தங்கப் பட்டை, தொப்பி என்று கற்பனை செய்துகொண்டு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருநாள் மைசூருக்கு வந்தவர் ஆபீஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். கூட்டிப் போனேன்.

கீழே மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேலே இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டீ பிளாஸ்க். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். எதிரே ஒரு சைக்கிள் கடை. கம்ப்யூட்டரில் நீல நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக நகரும் கப்பல்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காமல் என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்:

"மைசூருல படகு ஓடறது கரஞ்சிக் கெரையில மட்டுந்தானுங்க மாப்ள. அங்க டிக்கெட் குடுக்கற வேலையா இருந்தாலும் பரவால்ல, தெளிவாச் சொல்லீருங்க. நா ஊர்ல பதில் சொல்லோணும்."

செத்துப்போன மணி

எங்கள் கப்பல்களில் 'நீலவேணி' எனக்குச் செல்லம். கேப்டன் ராஜமணி தூத்துக்குடிக்காரர் என்பதால் போனில் தமிழில் பேசலாம். அதிலேயே வேலை பார்த்த ஓர் இளம் அதிகாரியும் தூத்துக்குடிதான். புதிதாகச் சேர்ந்தவர். பொத்தானைச் சோதித்துப் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

சோதனைச் செய்தி ஒன்று வர வேண்டும், வந்தது. நான் குறித்துக்கொண்டு டீயை ஊற்றினேன். இன்னொன்று வந்தது. டீ ஆறுவதற்குள் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. முழுப் படையெடுப்போ என்று ஷ்ருதி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். கப்பலைக் கூப்பிட்டேன். அந்த அதிகாரி மூச்சு வாங்கப் பேசினார். பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கி, பிறகு முழங்கையால் அமுக்கி, கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தாராம்.

"எத்தன மட்டம் அமுக்குனாலும் ஒரு சத்தமும் வரல சார். மணி செத்துப்போச்சு, புதுசு ஒண்ணு அனுப்பிவிடுங்க."

ஷ்ருதியின் கல்யாணங்கள்

மண்டபத்துக்கு மேலே ஆபீஸ் வைத்தால் என்ன ஆகும் என்பதை முகூர்த்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டோம். ஷ்ருதி ஒரு கிரேக்கக் கேப்டனிடம் மிக முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கீழே தாலி கட்டிவிட்டார்கள். நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் கிளம்பின. கேப்டன் என்ன சத்தம் என்று கேட்டார். கல்யாணம் என்றாள். அவர் மனம் நெகிழ்ந்து வாழ்த்தி, இந்த நேரத்தில்கூட வேலை பார்க்கும் அவளுடைய கடமையுணர்ச்சியைப் பாராட்டி போனை வைத்துவிட்டார். திருத்த அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் அதே கேப்டன், அதே நேரம், அதே கெட்டிமேளம். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"போன வாரம் கட்டியவர் என்ன ஆனார், மேடம்?"

கண்ணாமூச்சி

சோதித்துப் பார்க்கும் பொத்தான் கப்பலை ஓட்டும் அறையில் இருப்பது. கேப்டன் அறையில் இன்னொன்று உண்டு, அது இருக்கும் இடம் பரம ரகசியம். ஒரு கேப்டன் இறங்கும்போது அடுத்த கேப்டனின் காதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ராஜமணி நீலவேணியில் ஏறியபோது, பழைய கேப்டன் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாட்டு அறையில் உள்ள டிவியின் ரிமோட் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேப்டன் அறையில் இருக்கும் பொத்தான் எங்கே என்று ராஜமணி எங்களைக் கேட்டார்.

பொன்னப்பாவுக்குத் தெரியும். ஆனால் போனில் சொல்லக் கூடாது. ஆகவே விடுகதை போட ஆரம்பித்தார். குளித்துவிட்டு வந்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டார். காப்பி என்றார் ராஜமணி. அதற்கு முன்னால் என்றார் இவர். சாமி படம் என்றார் அவர். பொன்னப்பா தலையில் அடித்துக்கொண்டார். இப்படியே மத்தியானம் வரை போயிற்று. துண்டு மாட்டும் ஆணிக்குக் கீழே, பழைய கேப்டனின் துண்டுக்குப் பின்னால் பொத்தான் இருந்தது. மறுபடி தொலைந்துவிடக் கூடாது என்று அதன் மேல்மூடியைக் கழற்றியே வைத்துவிட்டதாக ராஜமணி பெருமையாகச் சொன்னார். நாங்களும் சரி என்றுவிட்டோம். இது பின்னால் வேலையைக் காட்டியது. அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இனி கொள்ளக்காரன் வந்தா அவனையே தேடிக் குடுக்கச் சொல்லுதேன். அவனுக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டு."

ரகசியக் கேள்வி

அலாரம் வந்ததும் கப்பலைக் கூப்பிட்டு, 'கொள்ளைக்காரர்கள் வந்திருக்கிறார்களா?' என்று கேட்க முடியாது. பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் வெளியாருக்குச் சாதாரணமாகத் தோன்றும் கேள்வி ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வது வழக்கம். எங்கள் கேள்வியைப் பொன்னப்பாதான் தேர்ந்தெடுத்தார்: சமையல்காரருக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? 'இன்னும் வலிக்கிறது' என்றால் கப்பலில் எல்லோரும் நலம். 'குணமாகிவிட்டது' என்றால் ஆபத்து.

நிஜமாகவே குணமாகிவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். பொன்னப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செல்வராஜ், நான் பார்த்த கடலில் எந்தச் சமையல்காரனுக்கும் முதுகுவலி குணமானது கிடையாது."

குணமாகிவிட்டது

தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்களை வைத்திருப்பதா, மும்பைக்கு மாற்றுவதா என்று முடிவு செய்யக் கப்பல் சொந்தக்காரர்கள் டிசோசா என்பவரை அனுப்பினார்கள். அதிகம் பேசாதவர். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பொன்னப்பா அவருக்குக் குடகுத் தேன் வாங்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அலாரம் வந்தது. நீலவேணி.

போன் போட்டேன். ராஜமணி எடுத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சமையல்காரருக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாயிட்டு சார். ஓடியாடி வேல பாக்காரு" என்றார்.

இன்னொரு தடவை கேட்டேன். சுத்தமாகக் குணம், எல்லாம் தைலத்தின் மகிமை என்றார். குரலில் பயமே இல்லை. ஒருவேளை துப்பாக்கி முனையில் அப்படித்தான் பேசுவார்களோ? நான் அரசாங்கத்துக்குச் சொல்லி, விஷயம் பொய்யாக இருந்தால், மேசையும் நானும் மும்பைக்கு. சொல்லாமல் விட்டு, விஷயம் நிஜமாக இருந்தால், அத்தனை மனிதர்களின் கதி என்ன? டிசோசா கடிகாரத்தைப் பார்த்தார். கலாவதி போனாலும் போகட்டும், உயிர் முக்கியம் என்று அரசாங்கத்துக்கான இன்னொரு போனை எடுத்தேன்.

அப்போது வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிளாஸ்க் உருண்டது. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் டிசோசா இல்லை, மேசைக்குக் கீழே இருந்தார். தசரா யானைகளைச் சத்தத்துக்குப் பழக்குவதற்காக மைதானத்தில் பீரங்கி வெடிப்பார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான், அன்றைக்கு என்று மறந்தே போனோம். ஷ்ருதி குனிந்து, "டென்ஷன் ஆகபேடி சார், யானைக்கு ப்ராக்டீஸ்" என்று பதற வேண்டாமென அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

வெடிச்சத்தம் போன் வழியாக ராஜமணிக்கும் கேட்டிருக்கிறது. இரண்டாவது குண்டு. பிறகு அவர் குரல் மிக மெதுவாக, மிக ஜாக்கிரதையாக வந்தது:

"சார்... உங்க ஆபீஸ் சமையக்காரருக்கு முதுகு எப்படி இருக்கு?"

கழுத்தில் கத்தியோடு நிற்கும் எவனும் மைசூர் ஆபீஸின் நலம் விசாரிக்க மாட்டான். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "வலிக்குது கேப்டன், இன்னும் நல்லா வலிக்குது" என்று கத்தினேன். எங்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான், தான் முதலில் சொன்ன பதிலுக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு உறைத்து, ஐயையோ, இங்கேயும் வலிக்கிறது, எல்லோருக்கும் வலிக்கிறது என்று பதறினார். அறையில் போய்ப் பார்க்கச் சொன்னேன். முதுகு குணமான உற்சாகத்தில் சமையல்காரர் கேப்டனின் அறையைச் சுத்தம் செய்து, துவைத்த துண்டை ஆணியில் மாட்டி, சுருக்கம் போக ஒரு தட்டும் தட்டியிருக்கிறார். மூடி இல்லாத பொத்தான் என்ன செய்யும், பாவம்.

டிசோசா மேசைக்கு அடியிலிருந்து வந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். அரசாங்கத்துக்குத் தகவல் போகவில்லை என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மேசை இங்கேயே இருக்கட்டும் என்றார். கேள்வியை மட்டும் மாற்றச் சொன்னார், அதையும் அடுத்த குண்டு வெடிப்பதற்குள் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கலாவதிக்கு போன் செய்தேன். சந்தோஷம் என்று அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அன்று ராத்திரி பாயசம் இருந்தது. அவள் மூலம் விஷயம் ஹனூருக்கும் போனது. மறுநாள் மாமனார் கூப்பிட்டார்:

"பீரங்கி எல்லாம் வச்சிருக்கறீங்கன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நா ஊர்ல கரஞ்சிக் கெரைன்னு சொல்லியிருக்க மாட்டனுங்களே, மாப்ள."

சத்தமே போடாத அலாரத்தைக் காக்க வந்தவனின் வேலையையும் குடும்பத்தையும் காப்பாற்றியது மைசூரிலேயே பெரிய சத்தம்தான் என்பதால், இப்போதெல்லாம் தசரா யானைகளைக் கண்டால் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிடுகிறேன்.