ஏழு மணி வெளிச்சம்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குத் தொழிலில் ஒரே ஒரு சித்தாந்தம்தான்: இயந்திரம் பொய் சொல்லாது, கூப்பிட்டவர்கள் சொல்வார்கள். "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுடுச்சு" என்பார்கள். கதவிடுக்கில் செங்கல்லை முட்டுக்கொடுத்து நாள் முழுக்கச் சாமான் ஏற்றியிருப்பார்கள். முப்பது வருஷத்தில் உண்மையை முதலிலேயே சொன்ன ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை, பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு வண்ணமீன் கடையில் நின்று, "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, அதுவா வெளுக்குது" என்றார்.

வெளுத்துக்கொண்டிருந்தது மகள் தொட்டியில் விட்டுப்போன மூளைப் பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக வளரும் கடலுயிர். கட்டைவிரல் அளவில் வாங்கி, நான்கு வருஷம் சீராட்டி உள்ளங்கை அளவாக்கியிருந்தாள். வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோது, இறந்துபோன அம்மாவின் படத்தைக்கூடப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். இதை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. மீன்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. பச்சையும் பழுப்புமாக உப்பியிருந்த பவளத்தின் சதை இப்போது வெளிறிச் சுருங்கி, ஓரத்தில் எலும்பு தெரிந்தது. ஞாயிறுதோறும் மகள் விசாரிப்பாள். "அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று புளுகுவார். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு உயிர் கிடையாது. அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

கடைக்காரப் பெண் உப்பைப் பார்த்தாள், சுண்ணாம்பைப் பார்த்தாள், சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் போனில் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கினாள். தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பாசி.

"லைட் எத்தன மணி நேரம் எரியுதுண்ணே?"

"எட்டு மணி நேரம்தான்."

"எட்டு மணி நேரத்துக்கு இவ்ளோ பாசி பிடிக்காதே."

அவள் பார்த்த பார்வை அவருக்குப் புதிதல்ல. அதே பார்வையால் அவரே ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார்.

"அணைக்கறதே இல்லம்மா" என்றார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போது மாடி ஜன்னலில் அந்த நீல வெளிச்சம் தெரியும். தண்ணீர் அசைய அசைய அது கூரையில் ஆடும். கீழேயிருந்து பார்த்தால் உள்ளே யாரோ நடமாடுகிற மாதிரி இருக்கும். டியூப்லைட்டையும் போட்டுப் பார்த்தார். அது அசையாமல் எரிந்தது. ஆளில்லாத வீட்டில் அணைக்க மறந்த விளக்கு, அவ்வளவுதான்.

"அது தூங்கவே இல்லண்ணே, பாவம். கொஞ்ச மாசத்துக்கு நாலு மணி நேரம் போதும், அதுவும் பாதி வெளிச்சம். எந்த நாலுன்னு நீங்களே வச்சுக்கங்க. தினமும் மாறாம இருக்கணும்." விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு டைமரை எடுத்துக் கொடுத்தாள்.

ஏழு முதல் பதினொன்று என்று வைத்தார். வழக்கமாக அவர் வீடு திரும்ப ஏழேகால் ஆகும். அந்த ஞாயிறு மகளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், ஏன் என்பதைத் தவிர. அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டு மாதம் கழிந்தது. பவளத்தின் நடுவில் பழுப்பு திரும்பி, ஓரம் நோக்கி நகர ஆரம்பித்தது. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து ஆறரைக்கே தெருவுக்கு வந்துவிட்டார். ஜன்னல் இருட்டாக இருந்தது. எதிர்வீட்டுப் படிக்கட்டில் கருவிப் பையை இறக்கி வைத்து உட்கார்ந்தார். போன் அடித்தது, மகள்தான்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"நம்ம வீட்டுக்கு எதுத்தாப்புலம்மா."

"சாவியத் தொலைச்சிட்டீங்களா?"

"சாவி இருக்கு."

"அப்ப உள்ள போக வேண்டியதுதானே?"

"வீட்ல இன்னும் யாரும் வரலம்மா."

வேடிக்கையாகத்தான் சொன்னார். மறுமுனையில் மகள் சிரிக்கவில்லை. போனையும் வைக்கவில்லை. ஏழு அடித்ததும் ஜன்னலில் நீலம் வந்தது.

"வந்தாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.