இன்கேஸ் அருள்பிரகாசம் சொன்ன டோஸ்ட்

ராயபுரத்தில் அருள்பிரகாசம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'இன்கேஸ் வூடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். மே மாதத்து வெயிலிலும் அவர் குடையோடுதான் வேலைக்குப் போவார். எதற்கு என்று கேட்டால், "இன் கேஸ் ஆஃப்" என்பார். மழை வந்தால் என்றோ மாடு முட்ட வந்தால் என்றோ மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது. கேட்டவர்தான் மிச்சத்தை இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். தெருக்காரர்கள் விதவிதமாக நிரப்பி, கடைசியில் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் அவர் சிக்னல்மேன். கப்பல் தளத்தின் விளிம்பில் நின்று, உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கும் கீழே சரக்கறையில் நிற்கும் தொழிலாளர் கேங்குக்கும் நடுவில் கையாலேயே பேசுகிற வேலை. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து உயர்த்தினால் 'ஹபேஸ்', அதாவது தூக்கு. கவிழ்த்து இறக்கினால் 'அரியா', இறக்கு. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிவிட்டாரானால் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். அந்தக் கை இறங்கும்வரை கேங்கில் ஒருவரும் மூக்கைக்கூடச் சொறிய மாட்டார்கள். ஒருமுறை டீ வந்துவிட்டது என்று ஒருவர் அசைந்ததற்கு, அன்று முழுக்க அவரிடம் அருள்பிரகாசம் பேசவே இல்லை.

அவருடைய ஆங்கிலமும் கப்பலில் கிடைத்ததுதான். திரும்பிய பக்கமெல்லாம் போர்டு. 'இன் கேஸ் ஆஃப்', 'அட் யுவர் ஓன் ரிஸ்க்', 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்', 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று முதல் வரி பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் இருப்பதை உப்புக்காற்று தின்றிருக்கும், அல்லது மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். ஆகவே ஆங்கிலத்தில் முதல் வரிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டாவது வரியோடு அவருக்குப் பழக்கம் இல்லை.

அதனால் அவர் அசந்துபோனாரா என்றால் இல்லை. மிச்சத்துக்குத்தான் தமிழ் இருக்கிறதே.

"இன் ஸ்பைட் ஆஃப் வயித்துவலி, ரெண்டு தட்டு நாஸ்தா துன்னேன்" என்பார். வயிற்றுவலியையும் மீறித் தின்றாராம். "ஆன் அக்கவுண்ட் ஆஃப் உங்க அண்ணன், நா லேட்டு" என்பார் மனைவியிடம். மைத்துனரால் தாமதம் என்று பொருள். நம் தமிழில் இந்த 'மீறி'யும் 'ஆலு'ம் சொல்லுக்குப் பின்னால் வால்போலத் தொங்கும். ஆங்கிலத்தில் அதுவே முன்னால் வந்து தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தலைப்பாகை மேல்தான் அருள்பிரகாசத்துக்கு மோகம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

வீட்டில் வியாகுலம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. "வித் ரெஃபரன்ஸ் டு மீன்கொழம்பு, உப்பு கம்மி" என்று கணவர் ஆரம்பித்தால், உப்பு டப்பாவை அவர் முன்னால் வைத்து, "போட்டுக்க. அட் யுவர் ஓன் ரிஸ்க்" என்பார்.

ஒரே மகள் ஜூடி. கப்பல் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் வேலை. நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு போனில் ஆங்கிலம் பேசுகிறவள். எண்ணூர் நோயலை அவளுக்குப் பேசி முடித்தார்கள். பையன் நல்ல பையன், குடும்பம் நல்ல குடும்பம். நோயலின் அப்பா பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார் என்பதுதான் ஒரே இடைஞ்சல்.

ராயபுரத்துச் சர்ச் கல்யாணங்களில், சாயங்காலம் ஹாலில் கேக் வெட்டியதும், பெண் வீட்டார் பக்கமிருந்து ஒருவர் எழுந்து டோஸ்ட் சொல்ல வேண்டும். எல்லோரும் திராட்சை ரசக் கோப்பையோடு நிற்க, மணமக்களை வாழ்த்தி நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசி, கடைசியில் கோப்பையை உயர்த்துவது வழக்கம். அந்தக் குடும்பத்தில் அது எப்போதும் வியாகுலம்மாளின் அண்ணன் ஸ்டானிஸ்லாஸின் பொறுப்பு. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ கல்யாணங்களுக்கு அவர் சொன்னது ஒரே டோஸ்ட். பெயரை மட்டும் மாற்றுவார், சில சமயம் அதையும் மறந்துவிடுவார்.

ஆனால் மகள் பிறந்த நாளிலிருந்தே அருள்பிரகாசத்துக்கு ஒரு ஆசை. இவளுடைய டோஸ்ட்டை நான்தான் சொல்வேன். அதை அவர் வாய்விட்டுச் சொன்ன அன்று ஜூடி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வோணாம் டாடி. மாமாவே சொல்லட்டும். நோயலோட அப்பா முன்னாடி நீ இன் கேஸ் ஆஃப்னு ஆரம்பிச்சா எனக்குப் பேஜாராப் பூடும்."

அவர் சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கோபித்துக்கொள்ளவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அன்றோடு வீட்டில் தலைப்பாகைகளெல்லாம் காணாமல் போயின. குழம்பில் உப்பு குறைந்தால் பேசாமல் தின்றார். காலையில் குடையை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே போனார். அப்பா வாயில் இத்தனை வருஷம் எதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாளோ, அது இல்லாமல் ஜூடிக்குச் சோறு இறங்கவில்லை. வியாகுலம்மாள் மகளைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"ஊமையனுக்கு வாக்கப்பட்டா மாரி கீது எனக்கு. இன்னா பண்ணுவியோ தெரியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஜூடி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு டாடி. ஆனா ஒண்ணு. நீ எங்க, எப்போ, எதுக்கு, யாரோடன்னு மட்டும் சொல்லிகினு கீற. யாரு இன்னா பண்றாங்கன்னு சொல்றதே இல்ல. அது இல்லாம மத்ததெல்லாம் எதுல போய் ஒட்டும்?"

அருள்பிரகாசம் யோசித்தார். "கொக்கி மட்டும் எறங்குது, பொட்டிய காணோம்னு சொல்ற."

"அதேதான்."

அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. இருவருமாக உட்கார்ந்து ஒரு வாக்கியம் கட்டினார்கள். 'ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபேமிலி, வித் கிரேட் ஜாய், ஐ கிவ் மை டாட்டர் ஜூடி டு நோயல்.' என் குடும்பத்தின் சார்பில், பெருமகிழ்ச்சியோடு, என் மகள் ஜூடியை நோயலுக்குக் கொடுக்கிறேன். நடுவில் 'ஐ கிவ்' என்று பெட்டி கனமாக உட்கார்ந்திருந்தது. அவர் கப்பலிலும் சொல்லிப் பார்த்தார், குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தார். கேங்கில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று ஹால் நிறைந்திருந்தது. வலப்பக்கம் எண்ணூர்க்காரர்கள், முன்வரிசையில் வாத்தியார் சம்பந்தி. இடப்பக்க மேஜைகள் முழுக்கத் துறைமுகம். கேக் வெட்டியாயிற்று. ஸ்டானிஸ்லாஸ், கூப்பிட்டால் எழுந்துவிடலாம் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அருள்பிரகாசம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். ஸ்டானிஸ்லாஸைத் தவிர எல்லோரும் கோப்பையோடு எழுந்தார்கள்.

"ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபேமிலி" என்றார். சம்பந்தி தலையசைத்தார். "வித் கிரேட் ஜாய்" என்றார். அடுத்தது பெட்டி. அவர் மகளைப் பார்த்தார். வெள்ளைப் புடவையும் பூமுடியுமாக நோயலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன் தி பிரசென்ஸ் ஆஃப் காட்" என்றார். அது திட்டத்தில் இல்லை. "பை தி கிரேஸ் ஆஃப் அவர் லேடி" என்று மாதாவையும் இழுத்தார். "இன் ஃபிரண்ட் ஆஃப் ஆல் ரிலேடிவ்ஸ், இன் அடிஷன் டு ஃபிரெண்ட்ஸ், இன் ஸ்பைட் ஆஃப் டிராஃபிக்." ஒவ்வொன்றும் சுத்தமாகத்தான் வந்தது. கொக்கிமேல் கொக்கியாக இறங்கிக்கொண்டே இருந்தது, பெட்டி மட்டும் வரவில்லை. ஜூடி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் பாதி எழுந்துவிட்டார்.

அப்போது அருள்பிரகாசத்தின் வலது கை, அவரைக் கேட்காமலே, முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் போயிற்று.

இடப்பக்கம் முழுக்க உறைந்தது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவருடைய கை மூக்குக்கு நேரே நின்றது. இருமலை அடக்கியவர் அடக்கியபடியே கண்ணில் நீரோடு நின்றார். இது ராயபுரத்துச் சடங்கு போலிருக்கிறது என்று எண்ணி எண்ணூர்க்காரர்களும் அசையாமல் நின்றார்கள். சர்ச் சாமியார் மௌன ஜெபம் என்று முடிவுகட்டித் தலை குனிந்தார். பாதி எழுந்த ஸ்டானிஸ்லாஸ், உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அந்தரத்தில் இருந்தார்.

ஜூடி கண்ணைத் திறந்தாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து, மைக்கைக் கையால் பொத்தினாள்.

"இன்னா ஆச்சு டாடி? இங்கிலீசு மறந்துபூச்சா?"

"நல்லா ஞாபகம் கீது."

"அப்புறம்?"

"கிவ்னு சொல்லணும்மா. வாய் வர மாட்டேங்குது."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் அப்பாவுக்கு ஆங்கிலம்தான் சிக்கல் என்று நினைத்திருந்தாள். ஹால் முழுக்கப் பார்க்கிறதே என்ற கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப குடுக்காத டாடி" என்றாள். "யாரு உன்னைக் குடுக்கச் சொன்னா? எண்ணூரு இன்னா அமெரிக்காவுலயா கீது? மனசுல கீறத சொல்லு."

மைக்கிலிருந்து கையை எடுத்தாள். அப்பாவின் முஷ்டி இன்னும் மேலேதான் இருந்தது.

"ஜூடி இஸ் வித் நோயல்" என்றார் அருள்பிரகாசம். ஜூடி நோயலோடு இருக்கிறாள். ஒருமுறை வியாகுலம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "வீ ஆர் வித் ஜூடி."

முஷ்டி மெல்லப் பிரிந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து உயர்ந்தது. இடப்பக்கத்து மேஜைகளெல்லாம் ஒரே குரலில் "ஹபேஸ்" என்று கோப்பையைத் தூக்கின. ஒரு விநாடி கழித்து எண்ணூர்ப் பக்கமும் "ஹபேஸ்" என்றது. எல்லோரையும்விடப் பலமாகச் சொன்னவர் வாத்தியார் சம்பந்திதான். ஸ்டானிஸ்லாஸ் ஒருவழியாக உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து கார் கிளம்பும்போது அருள்பிரகாசம் ஜன்னலோரம் வந்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவி ஒன்றை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். புதிதாக அடித்த சாவி, நூலில் கட்டியிருந்தது.

"இன் கேஸ் ஆஃப்" என்றார்.

நோயல் மரியாதையாக, "இன் கேஸ் ஆஃப் இன்னா மாமா?" என்று கேட்டான். பாவம், குடும்பத்துக்குப் புதுசு. ஜூடி அவன் கையை அழுத்தி, சும்மா இரு என்றாள். சாவியைக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். அப்பாவைப் போலவே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வித் ரெஃபரன்ஸ் டு சாவி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வரேன். மீன்கொழம்பு வை. உப்ப நா பாத்துக்கறேன்."